நிலபாவாடையைத் தோய்த்தவள் எழுதுகிறேன்

மகன்,

இன்று காலை நீ போனில் சொன்ன செய்தியைக் கேட்டதிலிருந்து என் கை ஒரு வேலையிலும் நிற்கவில்லை. அடுப்பில் வைத்த குழம்பு அடிப்பிடித்துவிட்டது. உன் அப்பா அதை ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழும்பினார். அவருக்கும் மனம் இங்கே இல்லை என்று அதிலிருந்தே தெரிந்துகொண்டேன். ஜேர்மனியில் ஒரு வருஷம் தங்கி, கண்காட்சியில் வைக்கிற உன் படங்களைச் செய்ய உன்னை அழைத்திருக்கிறார்கள், இருக்க இடமும் வேலை செய்யப் பெரிய மண்டபமும் தருகிறார்கள் என்றாய். நான் "ஐயோ மாதாவே" என்று போட்ட சத்தத்தில் பக்கத்து வளவுக் கோழிகள் பறந்தன. ஆனால் அடுத்த மூச்சிலேயே நீ குரலை இறக்கி, "நான் போகேல்ல அம்மா. பாதை பார்க்கக் கந்தோர் ஆக்கள் வரப்போகினம். நான் இல்லாட்டி ஊர் என்ன செய்யும்?" என்றாய். அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. போனில் கோபப்பட்டால் "சரி சரி அம்மா" என்று சொல்லி நீ வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் வைக்க உன்னால் முடியாது என்று எனக்குத் தெரியும், சின்ன வயதிலிருந்தே நீ அப்படித்தான்.

இது உனக்கு எழுதுகிற கடிதம்தான், ஆனால் ஒட்டி மூடுகிற கடிதம் இல்லை. மாதா சபைப் பெண்களுக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்பப் போகிறேன். சபைத் தலைவி திரேசக்கா இப்போதே பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டு, அதை எழுது, இதை விடாதே என்று நச்சரிக்கிறார். பங்குத்தந்தை இதைக் கோயில் மலரில் போடலாமா என்று வேறு கேட்டிருக்கிறார். ஆகவே உனக்குத் தெரிந்ததையும் திரும்ப எழுதுவேன். ஊர் தெரியாதவர்களும் வாசிக்க வேண்டும் அல்லவா?

பாதையிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் கோயிலடியில் இருந்து கடற்கரைக்கு ஒரு மண்பாதை போகிறது. நடுவில் கண்டல் மரங்களுக்கிடையே கறுத்தச் சேறு. கடல் வத்தானாலும் பெருக்கானாலும் அந்தச் சேற்றில் கால் வைக்காமல் கடலுக்குப் போக முடியாது. அதனால் வெளியாட்களுக்கு அந்தப் பாதையைப் பிடிக்காது, எங்களுக்கு வேறு பாதை இல்லை. இரண்டு பக்கத்துக் காணியும் கைமாறி, மணல் எடுக்கிற ஒரு கம்பனியிடம் போனபோது பாதையின் குறுக்கே கம்பிக்கட்டைகள் நட வந்தார்கள். கேட்டால், இந்தப் பாதை பாவனையில் இல்லை, இங்கே ஆள் நடமாட்டமே கிடையாது என்று மனுக் கொடுத்திருக்கிறார்களாம். நாங்கள் எல்லோரும் அந்த நேரம் அங்கேதான் நின்றோம், முழங்கால்வரை சேற்றோடு. எங்களைப் பார்த்துக்கொண்டே ஆள் இல்லை என்றார்கள். வேலை அன்றைக்கு நின்றது. காணி அலுவலைப் பார்க்கிற அரசாங்கக் கந்தோரில் இருந்து ஆட்கள் வந்து பார்த்து முடிவு சொல்வார்கள் என்றார்கள்.

நீ அப்போது கொழும்பில் இருந்து ஓடி வந்தாய். வழக்குப் போடுவாய், பத்திரிகைக்காரரைக் கூட்டி வருவாய் என்று நாங்கள் பார்த்திருக்க, நீ கோயில் முற்றத்தில் நின்று, "திருவிழாவுக்குப் பாதை முழுக்க நிலபாவாடை விரிப்பம்" என்றாய். திருவிழாவில் மாதாவின் சொரூபத்தைத் தோளில் சுமந்து வருகிறவர்களும் ஆயரும் நடப்பதற்காக மண்ணில் விரிக்கும் வெள்ளைச் சீலைதான் நிலபாவாடை. அதைக் கோயிலைச் சுற்றி விரிப்போம். சேற்றுப் பாதையில் யாராவது விரிப்பார்களா? "இவனுக்கு விசர்" என்று அப்பா சொன்னார். நானும் மனதுக்குள் அதைத்தான் சொன்னேன்.

உன் விசர் எனக்குப் புதிது இல்லையே. நீ பள்ளிக்கூடம் போகிற காலத்தில் கோயிலில் பாலன் குடில் கட்டுகிற பொறுப்பை உன்னிடம் தந்தார்கள். பெத்லகேமுக்குப் போகிற வழியில் தார்ப்பீப்பாய் அடுக்கி, மணல் மூட்டை வைத்து, துவக்கோடு ஒரு களிமண் சிப்பாயை நிறுத்தினாய். மாதாவும் சூசையப்பரும் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். சண்டை நடந்த அந்த வருஷங்களில் நாங்கள் மன்னார்ப் பாலத்தைத் தாண்டுவதற்கே அப்படித்தான் நின்றோம். குடில் பார்க்க வந்த சனம் முதலில் சிரித்தது, பிறகு சுற்றுமுற்றும் பார்த்தது, பிறகு கப்சிப். பயத்தில் நான் அந்தச் சிப்பாயை எடுத்து ஆட்டுக்குட்டிகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். நீ எடுத்து முன்னால் வைத்தாய். நான் ஒளித்தேன். நீ வைத்தாய். கடைசியில் ஆமி முகாம் பெரியவர் நேரில் வந்துவிட்டார். அவர் குனிந்து நெடுநேரம் பார்த்துவிட்டு, தெரிந்த தமிழில், "இந்த அம்மாவை நிப்பாட்ட வேண்டாம், பிள்ளை கிடைக்கப் போகுது, உள்ள விடு" என்று களிமண் சிப்பாய்க்கே உத்தரவு போட்டார். சிரித்துக்கொண்டு போனார். நான் கோயில் தூணைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டேன். அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், நீ முன்னால் கொண்டுவந்து வைக்கிறவன், நான் ஒளிக்கிறவள் என்று.

நான் ஏன் அப்படி ஆனேன் என்றும் எழுது என்கிறார் திரேசக்கா. எழுதுகிறேன். நான் மலைநாட்டில், தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவில் பிறந்தவள். கலவரத்தில் வீட்டை விட்டு ஓடி வந்த எங்கள் குடும்பம் பாப்பாமோட்டைப் பக்கம் குடியேறி, அடம்பன் வயல்களில் கூலிக்கு நின்றது. பிறகு மன்னார்த் தீவில் கருவாடு காயவைக்கிற வாடிக்கு வேலைக்கு வந்தேன், உன் அப்பாவைக் கண்டேன், ஞானஸ்நானம் பெற்றேன், இந்த ஊர்க்காரி ஆனேன். ஊர் என்னை ஒருநாளும் வெறுத்ததில்லை. ஆனால் வந்த இடத்தில் குறை சொல்ல இடம் வைக்கக்கூடாது என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். என் முற்றத்தில் ஒரு சருகு கிடக்காது. கோயில் சீலைகள் முழுவதும் என் பொறுப்பு. நிலபாவாடையைத் தைப்பது நான், விரிப்பது நான், திருவிழா முடிந்ததும் சுருட்டி வந்து சவர்க்காரம் போட்டு நீலம் போட்டுத் தோய்ப்பது நான். அதில் நடப்பது என் வேலை இல்லை. நடக்காதே என்று யாரும் சொன்னதில்லை, நட என்றும் சொன்னதில்லை. எனக்கு அதில் வருத்தம் இருந்ததாக நினைக்காதே. என்னைப்போல வெள்ளை எடுக்க மன்னாரில் ஆள் இல்லை என்ற கெப்பரில்தான் நான் இருந்தேன்.

திருவிழா அன்றைக்கு நீ வாங்கி வந்து நாங்கள் பொருத்தித் தைத்த புதுச் சீலை, கோயில் வாசலில் தொடங்கிப் பாதை வழியே சேற்றைத் தாண்டிக் கடல்வரைக்கும் கிடந்தது. நீ ஒலிபெருக்கியில் ஒரு விளக்கம் கொடுத்தாயாம். பங்கேற்பு, காட்சிமொழி, எதிர்ப்பின் அழகியல் என்றெல்லாம் சொன்னாயாம். நான் விருந்துக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தேன், கேட்கவில்லை. கேட்டவர்களுக்கும் விளங்கவில்லை. பாதர் முதலில் நடந்தார், பிறகு படகு வைத்திருக்கிற சம்மாட்டிமார், பிறகு கோயில் சபை, பிறகு மற்ற ஆண்கள், பிறகு பெண்கள். யார் முன்னால் யார் பின்னால் என்று இரண்டு இடத்தில் வாய்த்தர்க்கம் வேறு. வாடியில் வேலை செய்கிற மலைநாட்டுப் பெண்கள் ஓரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அப்பா வரவே இல்லை. கண்ணிவெடியில் ஒரு பாதத்தைக் கொடுத்துவிட்டுக் கட்டைக்கால் போட்டு நடக்கிற மனிசன் அவர். "என்ர காலைக் கொழும்பில கொண்டுபோய் வச்சுப் பாக்கிறதுக்கோ? நான் வரேல்ல" என்று வலை பொத்தப் போய்விட்டார். நீ முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டாய், நான் பார்த்தேன்.

மறுநாள் நீ கண்காட்சி ஒழுங்குகளுக்குக் கொழும்புக்குப் போகும்போது என்ன சொன்னாய்? "அம்மா, அந்தச் சீலையைக் கவனமா வச்சிருங்கோ. நான் வந்து வான் வண்டியில ஏத்துவன்." இவ்வளவுதான் சொன்னாய். மகன், முப்பது வருஷமாக என்னை அறிந்தவன் நீ. கவனமாக வைப்பது என்றால் இந்த வீட்டில் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியாதா? சுருளைப் பிரித்தேன். ஒரு முனையில் இருந்து மறுமுனைவரை கறுத்தச் சேற்றுக் கால்கள்! இதையா கொழும்புச் சனம் பார்க்கப் போகிறது? இந்த ஊர்ப் பெண்களுக்குத் தோய்க்கக்கூடத் தெரியாதா என்று கேட்க மாட்டார்களா? திரேசக்காவையும் மற்றப் பெண்களையும் கூப்பிட்டேன். கிணற்றடியில் வரிசையாக இருந்து பாட்டுப் பாடிக்கொண்டு தோய்த்தோம். பாதரின் கால் நன்றாகப் பதிந்திருந்தது, அதற்குத்தான் அதிகம் சவர்க்காரம் போனது. ஓரிடத்தில் இஞ்சின் எண்ணெய் விடமாட்டேன் என்றது, மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து அதையும் எடுத்தேன். நீலம் போட்டுக் காயவைத்து, மடிப்புக் குலையாமல் சுருட்டி, பூச்சி அரிக்காமல் வேப்பிலை வேறு வைத்தேன். அவ்வளவு கவனம்!

நீ வந்தாய். கொழும்பு வான் பின்நேரம் வருவதாகச் சொன்னாய். சீலையை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன் என்று விறாந்தையில் விரித்தாய். அது கொக்கு மாதிரி வெள்ளையாகக் கிடந்தது. நான் பாராட்டுக்காகப் பக்கத்தில் நின்றேன்.

"அம்மா, என்ன செய்தனீங்கள்?"

"ஏன், வடிவாத் தோய்ச்சு வச்சிருக்கிறன். பார், ஒரு பொட்டு ஊத்தை இல்ல."

நீ அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாய். "அந்த ஊத்தைதான் அம்மா படம்" என்றாய். நீ கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். ஊரில் ஆட்கள் நடக்கிறார்கள் என்று காட்டக் கிடைத்த ஒன்றே ஒன்றை நானே கிணற்றடியில் கரைத்து ஊற்றிவிட்டேன் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அதைப் பார்த்து நீ எழும்பி வந்து என் தோளைப் பிடித்தாய். "பரவாயில்லை அம்மா, அழாதேங்கோ. இதையே கொண்டு போறன். வெறுமையும் ஒரு கதை சொல்லும்" என்றாய். என்னை ஆற்றத்தான் சொன்னாய் என்று தெரியும். ஆனால் செய்தி கேட்டு ஓடி வந்து படியில் நின்ற திரேசக்காவுக்கு அது பிடிக்கவில்லை.

"என்ன கதை சொல்லும்? வெறுஞ்சீலையைக் கொண்டுபோய்த் தொங்கவிட்டா, இந்தப் பாதையால ஒருத்தரும் போறேல்ல எண்டுதானே சொல்லும்? அதைத்தானே தம்பி கம்பனிக்காரனும் சொல்லுறான்? அவனுக்கு நீ ஏன் கஷ்டப்பட்டுப் படம் செய்து குடுக்கிறாய்?"

நீ கைக்கடிகாரத்தைப் பார்த்தாய். "வான் பின்நேரம் வருது அக்கா. திருவிழா முடிஞ்சு சனமும் போட்டுது, இனி ஆரைக் கூப்பிடுறது?" என்றாய்.

"திருவிழாவுக்கு மட்டுமோ சனத்துக்குக் கால் இருக்கு?" என்று கேட்டுவிட்டு, திரேசக்கா சீலைச் சுருளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். நாங்கள் பின்னால் ஓடினோம். இதை எழுதும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, புதுப்பெண் மாதிரி இருக்கிறார்.

அன்றைக்குச் சோழகக் காற்று. சீலை ஒரு பக்கம் விரித்தால் மறுபக்கம் எழும்பிப் பாய் மாதிரி உப்பியது. முருகைக் கல்லும் வலையின் ஈயக் குண்டும் வைத்து அமத்தினோம். படகுகள் கரைக்கு வருகிற நேரம் அது. முதலில் வந்தவர்கள் மீன் கூடையோடு வந்து சீலையைக் கண்டு திகைத்து நின்றார்கள். "ஒவ்வொரு நாளும் போறமாதிரிப் போங்கோ" என்றார் திரேசக்கா. போனார்கள். கூடையில் இருந்து மீன்தண்ணீர் சொட்டிக்கொண்டு போனது. ஐஸ்பெட்டி கட்டிய மோட்டார்சைக்கிளில் வழக்கமாக மீன் எடுக்க வருகிற முஸ்லிம் வியாபாரி நானா, பிறேக் போட்டு, "வெள்ளைச் சீலைக்கு மேலால எப்பிடி?" என்று தயங்கினார். வாங்கோ வாங்கோ என்று எல்லோரும் சேர்ந்து கூப்பிட, அவரும் ஓட்டிக்கொண்டு போனார், ரயரின் பல்லுப்பல்லான கோடு நீளத்துக்கு விழுந்தது. சைக்கிள், தள்ளுவண்டி, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள், ஒருவருக்கு முன்னால் ஒருவர் என்ற கணக்கு ஒன்றும் இல்லை. யாரும் அழைக்காமலே ஒரு கழுதையும் குட்டியும் வந்து சீலையின் நடுவில் நின்று யோசித்துவிட்டு நடந்து போயின. நீ கமெராவைப் பிடித்துக்கொண்டு அங்கும் இங்கும் ஓடினாய். சின்ன வயதில் நத்தார்ப் பண்டிகைக்குப் புது உடுப்புக் கிடைத்தால் ஓடுவாயே, அதே ஓட்டம்.

அந்த நேரம்தான் அப்பா வந்தார். கையில் இஞ்சினுக்கு மண்ணெண்ணெய்க் கான். சனம் விலகி வழி விட்டது. அவர் சேற்றில் இறங்கி, கட்டைக்காலை இழுத்து எடுத்து, சீலையின் விளிம்பில் நின்று உன்னைப் பார்த்தார். "நான் உன்ர படத்துக்கு நடக்கேல்ல. கடலுக்குப் போறன், எனக்கு இதுதான் பாதை" என்றார். ஒரு பாதம், ஒரு வட்டம், ஒரு பாதம், ஒரு வட்டம் என்று பதித்துக்கொண்டு கடலைப் பார்த்துப் போய்க்கொண்டே இருந்தார், திரும்பவில்லை. நீ கமெராவை இறக்கிவிட்டாய். படம் எடுக்கவில்லை. அன்றைக்கு நீ செய்தவற்றில் எனக்கு அதுதான் பிடித்தது. பார்க்க வேண்டியதைக் கண்ணால் மட்டும் பார்க்கத் தெரிந்தவன்தான் படம் செய்யத் தகுதியானவன் என்று எனக்குப் பட்டது. அதை நீ அங்கே போயும் மறக்கக்கூடாது.

அவருக்குப் பின்னால் வாடிப் பெண்கள், தலையில் கருவாட்டுக் கூடைகளோடு. திருவிழா அன்றைக்கு நின்ற அதே ஓரத்தில் வந்து நின்றார்கள். ஒருத்தி என்னைப் பார்த்து, "ஏங்க, நாங்க மிதிக்கலாமா?" என்று கேட்டாள். எத்தனையோ வருஷமாக என் வாயில் வராத லயத்துத் தமிழ் தானாக வந்தது. "நானே இன்னும் மிதிக்கல. வாங்க அக்கா, சேந்து மிதிப்போம்" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, கால் எழும்ப வேண்டுமே! என் கையால் வெளுத்த சீலையில் என் சேற்றுக் காலை வைப்பது பாவம் செய்வது போல் இருந்தது. அவள் என் கையைப் பிடித்தாள். வைத்தேன். சீலை வெயிலில் காய்ந்து இளஞ்சூடாக இருந்தது. அடுத்த அடி. திரும்பிப் பார்த்தேன், என் கால்! அகன்ற, விரல் விரிந்த, வயலிலும் வாடியிலும் நின்ற என் சொந்தக் கால். அப்பாவின் வட்டத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கடல்வரை போய், திரும்பி வந்து, சேற்றில் நன்றாக மிதித்துக்கொண்டு இன்னொரு தரம் போனேன். "போதும் அம்மா, மற்ற ஆக்களுக்கு இடம் விடுங்கோ" என்று நீ கத்தினாய். நான் கேட்கவில்லை.

கொழும்பில் அதை நீ கூரையிலிருந்து தொங்கவிட்டிருந்ததைப் பார்க்க நாங்கள் பெண்கள் எல்லோரும் பஸ் பிடித்து வந்தோமே, நினைவிருக்கிறதா? நீ அதன் மேல் எதையோ தெளித்திருந்தாய், சேறு உதிரவில்லை. கண்ணாடி போட்ட ஒரு ஐயா கழுதையின் குளம்படிக்கு முன்னால் நின்று, இந்தக் குறியீடு எதைச் சொல்கிறது என்று என்னிடம் ஆங்கிலம் கலந்து கேட்டார். "கழுதை, ஐயா" என்றேன். நீ அப்பால் திரும்பிச் சிரித்தாய். ஒரு சிங்களப் பெண் அப்பாவின் தடத்துக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தாள். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் "மகே மஹத்தயா" என்றேன், என் புருஷன் என்று. தன் வீட்டிலும் அப்படி ஒரு கால் இருக்கிறது, மகனுடையது என்று கையால் காட்டினாள்.

அப்போது உன்னைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினார்கள். குரலற்ற மக்களின் குரல் என்று போட்டார்கள். நீ அதை வெட்டி அனுப்பினாய். திரேசக்கா வாசித்துவிட்டு, "ஆருக்குக் குரல் இல்ல?" என்று கேட்டார், தலைமன்னார்வரை கேட்டிருக்கும். நாங்கள் சிரித்தோம். ஆனால் நீ அதைக் கொஞ்சம் நம்பத் தொடங்கிவிட்டாய் என்று நினைக்கிறேன். இன்று காலை "நான் இல்லாட்டி ஊர் என்ன செய்யும்" என்று கேட்டது அந்தப் பத்திரிகைக்காரரின் வாய்தான், என் பிள்ளையின் வாய் இல்லை.

ஊர் என்ன செய்யும் என்று சொல்கிறேன், கேள். போனை வைத்ததும் நான் திரேசக்கா வீட்டுக்குப் போனேன். மத்தியானத்துக்குள் சபை கூடிவிட்டது, வாடிப் பெண்களும் வந்தார்கள், நானாவின் மனைவியும் வந்தார். கந்தோர் ஆட்கள் பாதை பார்க்க வருகிற அன்றைக்கு அவர்களுக்கு மாலை போட்டு, பன்னீர் தெளித்து, சேறு முடிகிற இடத்தில் தொடங்கிக் கடல்வரை புதிதாக ஒரு நிலபாவாடை விரிக்கப் போகிறோம். மரியாதைக்கு விரித்த சீலையில் நடக்காமல் ஓரமாகப் போக இந்த நாட்டில் எந்தப் பெரிய மனிதருக்கும் மனம் வராது. சேற்றில் இறங்கித்தான் வர வேண்டும், வந்ததும் சீலையில் கால் வைத்துத்தான் ஆக வேண்டும். அவர்களின் சப்பாத்து ஒவ்வொன்றும் பதியும். ஜீப்பில் வந்தால் ரயர் பதியும், அது இன்னும் விசேஷம். அவர்களின் தடத்துக்கு மேல் நாங்கள் எல்லோரும் நடப்போம், அவர்களின் கண்ணுக்கு முன்னாலேயே. பிறகு அந்தச் சீலையைக் கோயில் முன்னால் கட்டிவிட்டு, பாதையில் ஆள் நடமாட்டம் இல்லை என்று எழுதுங்கோ ஐயா பார்ப்பம் என்று கேட்கப் போகிறோம். முடிவு எப்படி வரும் என்று எனக்குத் தெரியாது. கட்டைகள் திரும்பவும் வரலாம். ஆனால் எங்களைப் பார்த்துக்கொண்டே ஆள் இல்லை என்று சொல்ல இனி அவர்களுக்கு நா எழும்பாது. இந்த யோசனை யாருடையது என்று கேட்கிறாயா? ஆளுக்கு ஆள் பேசினோம், யார் முதலில் சொன்னது என்று ஒருவருக்கும் நினைவில்லை. யார் எந்த முனையைப் பிடிப்பது என்றுதான் சண்டை.

இவ்வளவு சந்தோஷமாக ஒரு கூட்டத்தில் நான் இருந்ததில்லை, மகன். மனிசர் பயந்துகொண்டு கூடியதைப் பார்த்திருக்கிறேன், பிரேதத்துக்குக் கூடியதைப் பார்த்திருக்கிறேன். இப்படிக் கண் மினுங்க, ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டு, தேத்தண்ணி ஆறிப்போவது தெரியாமல் இருந்ததைப் பார்த்ததில்லை. நீ செய்தது இதுதான். கூரையில் தொங்கியது இதற்கு அடுத்தபடிதான்.

அங்கே போனதும் பெரிய சொல்லுக்குள் போய் ஒளியாதே. கழுதையைக் கழுதை என்று சொல்லு. குளிருக்குக் காலில் மேஸ் போடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. அந்த ஊர்ச் சனம் எந்த வழியால் நடக்கிறது, யார் ஓரத்தில் நிற்கிறது என்று பார், அங்கேயும் யாராவது நிற்பார்கள். அவர்களிடம் எதையாவது கவனமாக வைக்கச் சொன்னால், ஏன் என்றும் சேர்த்துச் சொல்லு, இல்லாவிட்டால் தோய்த்து வைத்துவிடுவார்கள்.

திரேசக்கா கடைசியாக ஒன்று எழுதச் சொன்னார், எழுதாமல் விட்டேன், கடைசிச் சொல் என்னுடையதாக இருக்க வேண்டும் என்பதற்காக. மகன், பாதைக்காக நீ வராதே. நீ வந்தால் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உன் முகத்தைப் பார்ப்பார்கள், நானும் பார்ப்பேன், எங்களுக்கு அது இனி வேண்டாம். ஆனால் எனக்கு நீ வேண்டும். ஒவ்வொரு நாளும் வேண்டும், இன்றைக்கும் வேண்டும், பிளேன் ஏறுகிற நாளில் நான் எப்படி இருக்கப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. அதை ஊரின் தலையில் கட்டி உன்னை மறிக்க எனக்கு மனமில்லை. அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் பாதியிலேயே விட்டுவிட்டு வா, கேள்வி கேட்க மாட்டேன். இப்போது போ. நாளைக் காலை சீலை வாங்க நாங்கள் மன்னார் ரவுனுக்குப் போகிறோம், முதல் பஸ்.

அம்மா